மே மாதத்துக்குத் தாங்கும் தரை: மாணவர் வாடகை வீட்டுக்கு எதைப் போடுவது?

பீளமேடு, பொத்தேரி, காட்பாடி, துவாக்குடி, அண்ணாமலைநகர் என்று கல்லூரியை ஒட்டி வளர்ந்த பகுதிகளில் வீடு வாடகைக்கு விடுபவர்களுக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. செமஸ்டர் தேர்வு முடிந்து மாணவர்கள் காலி செய்யும் மே மாதத்தில்தான் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் புதிய பக்கம் புரளும். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ அடுத்த கூட்டம் பெட்டி படுக்கையோடு வந்து நின்றுவிடும். நடுவே கிடைக்கிற சில வாரங்களுக்குள் வெள்ளையடிக்க வேண்டும், குழாய் மாற்ற வேண்டும், கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்ய வேண்டும். தரையில் வேலை வைத்தால் மற்ற எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

அதனால் மாணவர் வீட்டுக்குத் தரை பார்க்கிறவர் கடைக்குள் நுழையும்போது, எது அழகு, எது மலிவு என்பதற்கு முன்னால் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நடு அறையில் ஒரு கல் உடைந்துபோனால், ஒரே ஒரு டைல்ஸ் மேஸ்திரி ஒரு நாளில் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடியுமா? கடைக்காரர் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் ரசிக்கமாட்டார். ஆனால் தரையின் வகை, அளவு, நிறம், இணைப்பு இடைவெளி, வாங்க வேண்டிய பெட்டிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

அறைக்குள் நடப்பது

குடும்பம் குடியிருக்கும் வீட்டில் தரை தேய்வது ஒரு விதம். மாணவர் வீட்டில் வேறு விதம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூன்று இரும்புக் கட்டில்கள் இருக்கும். அவற்றின் கால்களில் இருந்த ரப்பர் புஷ் முதல் ஆறு மாதத்தில் காணாமல் போய்விடும். தேர்வு நேரத்தில் கட்டிலைச் சுவரோரம் இழுப்பார்கள். கிரிக்கெட் பார்க்க நாலு பேர் சேரும்போது மறுபடியும் இழுப்பார்கள். வெறும் இரும்புக் காலோடு மணல் துகளும் சேர்ந்தால் பளபளப்பான பரப்பில் கோடு விழும்.

பிறகு சாப்பாடு. பார்சல் சால்னா, ரசம், டீ எல்லாம் தரையில்தான் பிரிக்கப்படும், கொட்டும். கொட்டியது மறுநாள் காலைவரை கிடக்கலாம். கொசுவத்திச் சுருளைத் தகரத் தாங்கியில் வைக்கப் பொறுமை இல்லாதவர் நேராகத் தரையில் வைப்பார். மேசை இல்லாததால் போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் சட்டையை இஸ்திரி போடுவார்கள். மாணவியர் தங்கும் வீடுகளில் மருதாணியும் நகப்பூச்சும் பட்டியலில் சேரும். தண்டால் போதாதென்று டம்பெல் வாங்கும் பருவமும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறை வரும்.

இவற்றில் பலவற்றை விதி போட்டுத் தடுக்கலாம் என்று புதிதாக வாடகைக்கு விடுபவர்கள் நம்புவதுண்டு. விதியைச் சுவரில் ஒட்டிவைப்பதைவிட, சூட்டையும் கறையையும் தாங்குகிற பரப்பைத் தேர்ந்தெடுப்பது மலிவு.

பழைய தரையை அவசரப்பட்டு உடைக்க வேண்டாம்

கல்லூரிப் பகுதிகளில் வாடகைக்குப் போகும் வீடுகளில் கணிசமானவை பழைய வீடுகள். அவற்றில் மொசைக் தரை இருக்கும், அல்லது சிவப்பு ஆக்சைடு பூசிய சிமெண்ட் தரை இருக்கும். டைல்ஸ் போட்டால் வாடகை ஏறும் என்று யாராவது சொல்ல, மொசைக்கைப் பெயர்த்துவிடுகிறார்கள். அது பல நேரங்களில் வீண் செலவு. சிமெண்டோடு பளிங்குச் சில்லுகளைக் கலந்து போட்டு, இறுகிய பின் எந்திரத்தால் தேய்த்து எடுத்ததுதான் மொசைக். மேலே மங்கியிருந்தாலும் உள்ளே அதே சில்லு, அதே நிறம். பாலிஷ் எந்திரத்தை மறுபடியும் ஓட்டினால் மெல்லிய மேல்படலம் தேய்ந்து புதிய பரப்பு வெளியே வரும். உடைப்பு இல்லை, குப்பை அள்ளும் லாரி இல்லை, கதவை அறுக்கும் வேலை இல்லை. ஒன்றை மட்டும் வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும்: பாலிஷ் போட்ட பிறகுதான் பெயிண்ட். தேய்க்கும்போது தெறிக்கும் சேற்று நீர் சுவரின் அடிப்பகுதி முழுக்கப் படியும்.

சிவப்பு ஆக்சைடு தரையின் கதை வேறு. நன்றாகப் போட்டது காலுக்குக் குளிர்ச்சி, கண்ணுக்கும் குளிர்ச்சி. ஆனால் அதில் விரிசல் விட்டால் ஒட்டுப் போட்ட இடம் தனி நிறத்தில் நிற்கும். கரணையால் தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. தரை உறுதியாக இருந்தால், மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டு, டைல்ஸ் ஒட்டும் பசையால் அதன்மேலேயே டைல்ஸ் பதிக்கலாம். பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் ஒட்டுவதும் இதே முறைதான். அதற்குமுன் பழைய கற்கள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, பொள்ளென்று சத்தம் தருபவற்றை எடுத்துவிட வேண்டும். தரைமட்டம் ஏறக்குறைய அரை அங்குலம் உயரும். எல்லாக் கதவுகளின் அடியையும் தச்சர் சீவ வேண்டியிருக்கும். பாத்ரூம் படிக்கட்டின் உயரமும் மாறும். ஒப்பந்தம் பேசும்போதே இதைக் கணக்கில் சேர்த்தவர்கள் குறைவு.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆத்தங்குடி கல்லின் ஆசை இயல்பாகவே வரும். கண்ணாடிப் பலகைமேல் நிறக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்யும் கல் அது. நடக்க நடக்க மெருகேறும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெயையும் குழம்பையும் உறிஞ்சும். ஆசிட் பட்டால் பூ அழியும். தினமும் துடைக்க ஆள் இருக்கும் வீட்டுக்கு உரியதை வாரம் ஒருமுறை துடைத்தாலே அதிசயம் என்ற வீட்டில் பதிப்பது கல்லுக்குச் செய்யும் அநியாயம்.

கடப்பா கல்லும் ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டா கல்லும் சுண்ணாம்புப் பாறைகள். ரயில் நிலையங்களிலும் பள்ளி வராந்தாக்களிலும் கோட்டா நெடுநாள் உழைப்பதைப் பார்த்து அதைக் கேட்பவர்கள் உண்டு. ஏணிப்படி, வராந்தா, மொட்டை மாடி அறைக்கு அது நல்ல தேர்வு. கடப்பா சில இடங்களில் அடுக்கடுக்காகப் பெயரும். இரண்டுக்கும் பொதுவான பகை ஆசிட். பளிங்கும் அப்படித்தான். புளியும் எலுமிச்சையும் சேர்ந்த ரசம் ஓர் இரவு கிடந்தால் பளிங்கின் பளபளப்பில் மங்கிய வட்டம் விழும். துடைத்தால் போகாது, அரிக்கப்பட்ட இடத்தை மறுபடி தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கிரானைட் அப்படி எளிதில் அரிபடாது. படிக்கட்டுக்கும் சமையல் மேடைக்கும் நிலைவாசலுக்கும் அதுவே சரி. அறை முழுக்கப் போட்டால் செலவு ஏறும். பலகை உடைந்தால் அதே ஓட்டமுள்ள கல் மறுபடி கிடைப்பதும் கடினம்.

வினைல் ஷீட்டுக்கு ஒரே வரி போதும்: இஸ்திரிப் பெட்டியும் கொசுவத்தியும் இருக்கும் அறைக்கு அது ஆகாது. லேமினேட் மரத்தரை வாளியும் துடைப்பமுமாகத் தரை கழுவும் ஊரில் ஓரம் ஊதிக்கொள்ளும். தண்ணீருக்கு அசையாத எஸ்.பி.சி. பலகைகள் இப்போது கடைகளில் நிறைய உள்ளன. ஆனால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்தப் பலகைகளில் நடுவில் உள்ள ஒன்றை மாற்ற, சுவரோரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். முதலில் கேட்ட கேள்வியில் அது தோற்றுவிடுகிறது.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது

எஞ்சி நிற்பது டைல்ஸ். இந்தியாவில் விற்கும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. கடையில் எல்லாவற்றையும் டைல்ஸ் என்ற ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே வேறுபாடு பெரிது. அதைப் பிரித்துக் காட்டும் முதல் அளவு தண்ணீர் உறிஞ்சும் தன்மை. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15622 இதை வைத்தே டைல்ஸை வகைப்படுத்துகிறது. 0.5 சதவீதமோ அதற்குக் கீழோ உறிஞ்சினால் விட்ரிஃபைட். சாதாரண செராமிக் பல மடங்கு கூடுதலாக உறிஞ்சும். சுவரில் ஒட்டும் வகை 10 சதவீதத்தையும் தாண்டும். விலை குறைவு என்று சுவர் டைல்ஸைத் தரையில் போட்டவர்கள் கட்டில் காலுக்குக் கீழே பிளந்த கல்லைத்தான் பார்ப்பார்கள்.

விட்ரிஃபைடுக்குள்ளும் மூன்று நான்கு சாதிகள் உண்டு. அச்சடித்த படத்தின் மேல் கண்ணாடிப் பூச்சு போட்டது ஜி.வி.டி. பளிங்கு மாதிரியும் மரம் மாதிரியும் ஷோரூமில் மினுங்குபவை பெரும்பாலும் இவைதான். படம் மேல்தோலில் மட்டும் இருப்பதால், மூலை பெயர்ந்தால் உள்ளே வேறு நிறம் தெரியும். மேல்புறம் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிறம் இறங்கியிருப்பது டபுள் சார்ஜ். அடிவரை ஒரே நிறம் உள்ளது ஃபுல் பாடி. மாணவர் வீட்டின் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் டபுள் சார்ஜே நடுத்தரமான, நியாயமான தேர்வு. கீறினாலும் கீறலுக்குள் அதே நிறம் இருப்பதால் கண்ணை உறுத்தாது. ஒரு குறை உண்டு. பாலிஷ் செய்யும்போது பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறந்துகொள்ளும். மேலே காப்புப் பூச்சு சரியில்லாத மலிவு ரகங்களில் டீயும் மஞ்சளும் இறங்கிவிடும். மாதிரிக் கல் ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்து, அதன்மேல் கொஞ்சம் சால்னாவை ஊற்றி ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் கழுவிப் பார்ப்பதைவிட நம்பகமான பரிசோதனை கிடையாது.

ஜி.வி.டி.யே வேண்டும் என்றால் பளபளப்பில்லாத மேட் ரகத்தை எடுத்து, பி.இ.ஐ. என்ற தேய்மான மதிப்பைக் கேட்க வேண்டும். கண்ணாடிப் பூச்சுள்ள டைல்ஸுக்கு மட்டுமே பொருந்தும் அந்த மதிப்பு 0-இல் தொடங்கி 5-இல் முடிகிறது. நாள் முழுக்க ஆள் நடமாடும் வீட்டுக்கு 4 இருப்பது நல்லது.

அளவைப் பொறுத்தவரை இரண்டுக்கு இரண்டு, அதாவது 600 மில்லிமீட்டர் சதுரம், போதுமானது. நாலுக்கு இரண்டு அளவில் போட்டால் இணைப்புக் கோடு குறையும், அறை பெரிதாகத் தெரியும் என்று கடையில் சொல்வார்கள். தெரியும்தான். ஆனால் பெரிய கல்லுக்குத் தளம் மிகச் சீராக இருக்க வேண்டும். மாற்றும்போது இழப்பதும் பெரிய கல்.

நிறத்தில் பலர் இரண்டு ஓரங்களுக்குப் போய்விடுகிறார்கள். தந்த வெள்ளை போட்டால் செருப்புக் கறுப்பும் தலைமுடியும் தெரியும். அடர் சாம்பல் போட்டால் தூசியும் போர்த் தண்ணீர் உப்பும் வெளிறித் தெரியும். புள்ளி புள்ளியாக இருக்கும் இடைநிறம் இரண்டையும் மறைக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. மோர்பி ஆலைகள் டிசைன்களை அடிக்கடி மாற்றுகின்றன. இன்று வாங்கிய பூ வேலைப்பாடு நாலு ஆண்டு கழித்துக் கிடைக்காது. வெறும் புள்ளி போட்ட சாம்பல் கல்லுக்கு ஏறக்குறைய ஒத்த ஒன்றை எந்த ஆண்டும் கண்டுபிடித்துவிடலாம்.

கல்லைவிடக் கலவை முக்கியம்

தரை வீணாவது பெரும்பாலும் கல்லால் அல்ல. 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத விட்ரிஃபைட் கல்லுக்குள் சிமெண்ட் பால் இறங்குவதில்லை. கல்லும் கலவையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பிடிப்பு இருக்காது. இதற்கென்றே டைல்ஸ் பசைகள் இருக்கின்றன. அவற்றுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15477, பையின் மேல் எந்த வகை என்று அச்சிட்டிருக்கும். பசை வாங்கிக் கொடுத்தாலும் நடுவில் ஒரு உருண்டை, மூலைக்கு ஒரு உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் சில மேஸ்திரிகளிடம் உண்டு. உருண்டைகளுக்கு நடுவே அடியில் காற்று. அந்த இடத்தில் கட்டில் கால் வந்து உட்கார்ந்தால் கல் பிளக்கும். பல் வைத்த கரணையால் பசையை முழுப் பரப்பிலும் சீவிப் பரப்பச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன், ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொண்டு எல்லாக் கல்லையும் தட்டிப் பார்ப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல.

அடுத்தது இடைவெளி. கல்லோடு கல் ஒட்டி வைக்கும் பேப்பர் ஜாயிண்ட் பார்க்க அழகு. மே மாத வெயிலில் மாடித் தளம் விரியும்போது நடு அறையில் இரண்டு கற்கள் கூரை மாதிரி எழும்பி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து, சுவரோரத்தில் ஸ்கர்ட்டிங் மறைக்கும் அளவுக்கு இடம் விட்டால் கல்லுக்கு அசைய வழி இருக்கும். மாற்றும் வேலையும் இந்த இடைவெளியால்தான் எளிதாகிறது. உடைந்த கல்லைச் சுற்றியுள்ள இணைப்பில் கிரைண்டரை விட்டு அறுத்து, கல்லை நடுவிலிருந்து உடைத்து ஓரம் நோக்கி வந்து, அடிக்கலவையைச் சுரண்டிவிட்டுப் புதுக் கல்லை வைப்பார்கள். இடைவெளி இல்லாவிட்டால் கிரைண்டர் தகடு பக்கத்துக் கல்லின் விளிம்பைக் கடிக்கும். ஒன்றை மாற்றப் போய் ஐந்து கெடும்.

இணைப்பை அடைக்கும் பூச்சில் சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் எப்பாக்ஸி, மற்ற அறைகளுக்குச் சாம்பல் நிறச் சிமெண்ட் பூச்சு என்று பிரித்துக்கொண்டால் செலவு கட்டுக்குள் இருக்கும். வெள்ளைச் சிமெண்ட் பூச்சு முதல் செமஸ்டரிலேயே பழுப்பாகிவிடும்.

பாத்ரூம், படிக்கட்டு

வழுக்கி விழுந்தால் தரையின் ஆயுளைப் பற்றிப் பேசி என்ன பயன்? பாத்ரூமுக்கு ஒரு அடிக்கு ஒரு அடி மேட் டைல்ஸ் போதும். சிறிய கல்லாக இருந்தால் நாலா பக்கமிருந்தும் டிராப்பை நோக்கி வாட்டம் கொடுக்க வசதி. வாட்டம் அடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பதித்த மறுநாளே ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்து, மூலையில் தேங்குகிறதா என்று கவனித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் வரும் புகார்கள் மிச்சம். நல்ல கம்பெனிப் பட்டியல்களில் வழுக்குத் தடுப்பு அளவு ஆர் 9 முதல் ஆர் 13 வரை குறிக்கப்பட்டிருக்கும். பாத்ரூமுக்கு ஆர் 10 அல்லது ஆர் 11 சரி. அதற்கும் மேலே போனால் சொரசொரப்பில் சோப்பும் உப்பும் படிந்து தேய்க்கக் கை வலிக்கும். படிக்கட்டில் பாலிஷ் கிரானைட் போட்டிருந்தால் முனையில் இரண்டு மூன்று கோடுகள் வெட்டச் சொல்லலாம். மழைக்காலத்தில் ஈரச் செருப்போடு ஓடிவரும் பையனுக்கு அந்தக் கோடுதான் பிடி.

எத்தனை பெட்டி?

இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் பெட்டிக்கு நாலு கற்கள் வரும். பரப்பு சுமார் 15.5 சதுர அடி. தரைப்பரப்பு 600 சதுர அடி உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 660 சதுர அடி, 43 பெட்டி. ஸ்கர்ட்டிங் 150 அடி ஓடுகிறது என்றால், நாலங்குலப் பட்டையாக அறுக்கும்போது ஒரு கல்லில் 12 அடி கிடைக்கும்; 13 கல், அதாவது நாலு பெட்டி. இதுவரை 47. மேஸ்திரி சொல்வது இந்தக் கணக்கோடு நின்றுவிடும். மாணவர் வீட்டுக்காரர் 50 வாங்க வேண்டும்.

அந்தக் கூடுதல் மூன்று பெட்டிகள்தான் வரப்போகும் மே மாதங்களுக்கான முதலீடு. வாங்கும்போது எல்லாப் பெட்டிகளிலும் ஒரே லாட் எண், ஒரே ஷேட் எண் இருக்கிறதா என்று இறக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும். ஒரே டிசைனிலும் லாட் மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும். மீந்த பெட்டிகளைப் பரணில் ஏற்றக் கூடாது, கனம் அதிகம். படிக்கட்டுக்கு அடியில் செங்குத்தாக நிறுத்தி வைக்கலாம். பெட்டி அட்டையில் கம்பெனிப் பெயரும் எண்ணும் உள்ள பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அட்டையைச் செல்லரிக்கும்.

அட்வான்ஸும் தரையும்

2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கேட்கிறது. காலி செய்த பிறகு, பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தரவும் சொல்கிறது. தரை விஷயத்தில் சண்டை வருவது எது தேய்மானம், எது சேதம் என்ற இடத்தில்தான். நடந்து நடந்து மங்கியதற்கு மாணவரிடம் காசு பிடிப்பது நியாயமில்லை. டம்பெல் விழுந்து பிளந்த கல்லுக்குப் பிடிக்கலாம். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையின் தரையையும் இரு தரப்பும் சேர்ந்து படமெடுத்து, ஒரு கல்லை மாற்ற ஆகும் கூலி எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், மே மாதத்தில் பையனின் அப்பா ஊரிலிருந்து போன் போட்டுக் கத்த வேண்டியிருக்காது.

அதே நாளில் இரண்டு பொருள்களை வீட்டுக்காரரே வாங்கி வைத்துவிடலாம். ஒன்று, கட்டில் கால்களுக்கு ரப்பர் புஷ், மாற்றுக்கு இன்னொரு தொகுதியோடு. மற்றொன்று, தரை கழுவும் சாதாரணத் திரவம் ஒரு கேன். அதை வைக்காவிட்டால் முதல் உப்புக் கறையைப் பார்த்ததும் யாராவது ஒருவர் தெருமுனைக் கடையில் ஆசிட் பாட்டில் வாங்கி வந்து ஊற்றுவார். கறை போகும், கூடவே சிமெண்ட் இணைப்பும் குழாயின் பளபளப்பும் போகும்.